யோயோவில் லூப் அடிக்க எது தோது: இம்பீரியலா, ஃபயர்பாலா, ரெய்டரா?

செம்பூரில் எங்கள் கட்டட மொட்டைமாடிக்கு ஞாயிறு காலையில் ஆறேழு பிள்ளைகள் யோயோவோடு வருவார்கள். போன மாதம் ஒரு பையன் பளபளவென்று அலுமினிய யோயோ ஒன்றைக் கொண்டுவந்து, "அண்ணா, இதுல லூப் வரவே மாட்டேங்குது" என்றான். வராதுதான். அது கயிற்றைப் பின்னிப் பின்னிக் காட்டும் வித்தைகளுக்காகச் செய்தது. சுண்டி இழுத்தால் ஏறாது. கயிற்றை மடித்து உள்ளே கொடுத்தால்தான் கைக்கு வரும். லூப்புக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். திரும்பி வரும் யோயோவை உள்ளங்கையில் பிடிக்காமல் மணிக்கட்டைத் திருப்பி மறுபடி வெளியே அனுப்ப வேண்டும். அதற்கு லேசான பிளாஸ்டிக், உருண்ட பக்கங்கள், நடுவே குறுகலான இடைவெளி, கயிறு அசைந்ததுமே ஓடிவருகிற சுபாவம், இவ்வளவும் வேண்டும். தவிர, உலோகம் விரல் கணுவில் பட்டால் ஒரு வாரத்துக்கு வலிக்கும்.

டங்கன் கம்பெனியின் இம்பீரியல் 1950களிலிருந்து வருகிறது. நிலையான அச்சு, பேரிங் கிடையாது, விலை குறைவு. கீழே நின்று சுழல்வது கொஞ்ச நேரம்தான். லூப்புக்கு அது குறையே இல்லை. வலது கை மணிக்கட்டு படிய இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது என்பேன். இதற்குப் பருத்திக் கயிறுதான் போட வேண்டும். பாலியஸ்டர் போட்டால் அச்சோடு உரசி, சூடேறி, உருகி அறுந்துவிடும். ஆனால் மும்பை மழைக்காலம் பருத்திக்கு ஆகாது. ஜூலையில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்து நூல் ஊதிக்கொள்கிறது. யோயோ கீழே போவதற்குள் பாதியிலேயே திரும்புகிறது. ஒருமுறை நைந்த கயிற்றை மாற்றச் சோம்பல்பட்டு ஆடினேன். அச்சுப் பக்கம் அறுந்து, யோயோ பறந்துபோய் பக்கத்து வீட்டு அத்தையின் துளசி மாடத்தில் மோதியது. அன்றிலிருந்து ஆடும் முன் கடைசி இரண்டங்குலக் கயிற்றை விரலால் தடவிப் பார்க்காமல் யாரையும் ஆடவிடுவதில்லை.

யோமெகா கம்பெனியின் ஃபயர்பாலும் ரெய்டரும் வெளியே பார்த்தால் அண்ணன் தம்பி. உள்பக்கச் சுவரில் சூரியக் கதிர்போல எழும்பிய வரிகள்தான் கயிற்றைப் பிடித்து யோயோவைத் திருப்புகின்றன. வித்தியாசம் அச்சில். ஃபயர்பாலில் அச்சைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் குழல், ரெய்டரில் பேரிங். குழல் காய்ந்துபோனால் கிறீச்சிடும், சுழற்சி சட்டென்று செத்துவிடும். ஒரு சொட்டுக் கெட்டியான எண்ணெய் போதும், பழையபடி ஆடும். பராமரிப்பு அவ்வளவே. பள்ளிப் பிள்ளைக்கு நான் இதைத்தான் வாங்கச் சொல்வேன். பிரெயின் என்று தானே திரும்பி வருகிற ஒன்றும் இருக்கிறது. லூப் பழக அது வேண்டாம்.

இரண்டு கையிலும் லூப் அடிக்க ஆசை வந்துவிட்டால் ரெய்டர். போட்டிகளில் 2ஏ என்று சொல்லும் பிரிவு இது. ஜப்பானின் ஷின்ஜி சைட்டோவும் ஷூ தகாடாவும் உலக சாம்பியன்களானது இதில்தான். ஆனால் ரெய்டர் நம்மிடம் வேலை வாங்கும். புதிதில் கதிர் வரிகள் கூர்மையாக இருப்பதால் முரட்டுத்தனமாகத் திரும்பும். ஆட ஆடத்தான் தணியும். பேரிங்கில் பலரும் செய்யும் தப்பு, தையல் மிஷின் எண்ணெயைத் தாராளமாக ஊற்றுவது. அந்த மெல்லிய எண்ணெயில் யோயோ நன்றாகச் சுழலும், கூப்பிட்டால் வராது. லூப்புக்குப் பேரிங் கொஞ்சம் சோம்பலாக இருக்க வேண்டும். நான் குண்டூசி முனையில் எடுத்த கிரீஸைப் பூசி, இருபது முப்பது வீச்சு ஆடிப் பரவவிடுவேன். அதிகமாகிவிட்டால் துடைத்துவிட்டு மறுபடி. இங்கே கடல் காற்றில் பேரிங் துருப்பிடிக்கும் என்பதால் இந்த கிரீஸே அதற்குக் காவலும்கூட. மழைக்காலத்தில் மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா பொட்டலத்தோடு வைக்கிறேன். யோயோவின் இரண்டு பாதியையும் திருகி மாட்டும்போது கைக்கு இறுகினால் போதும். அதற்குமேல் முறுக்கினால் உள்ளே நட்டு பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும்.

இவ்வளவு மல்லுக்கட்ட நேரமில்லை என்பவர்களுக்கு யோயோஃபேக்டரியின் லூப் 720. லூப்புக்கென்றே செய்தது, வாங்கியதும் ஆடலாம். ரெய்டரை நம் கைக்குத் தக்கபடி பழக்கி எடுக்கிற சுகம் மட்டும் இதில் எனக்குக் கிடைப்பதில்லை.

ரெய்டருக்கும் லூப் 720க்கும் பாலியஸ்டர் கயிறு. யோயோவைத் தரையில் தொங்கவிட்டுத் தொப்புள் உயரத்தில் வெட்டுவது பொதுக் கணக்கு. லூப்புக்கு அதிலும் நாலு விரல் குறைத்தால் வீச்சு கைக்குள் அடங்கும். ஒவ்வொரு லூப்பும் கயிற்றின் புரியை மாற்றுகிறது. வலது கையில் ஒரு பக்கம் மாறினால் இடது கையில் அதற்கு எதிர்ப்பக்கம். புரி தளர்ந்தால் யோயோ திரும்ப மறுக்கும். இறுகினால் கயிறு தன்னைத்தானே சுற்றிக்கொண்டு முடிச்சு விழும். விரலிலிருந்து கழற்றி, நுனியைப் பிடித்து யோயோவைத் தொங்கவிட்டால் அது தானே சுழன்று சரியாகிக்கொள்ளும். இரண்டு கையிலும் புரி எதிரெதிராக மாறுவதால்தான் ஜோடியை நான் மாற்றி மாட்டுவதேயில்லை. இடது கை யோயோவின் மூடியில் நெயில் பாலிஷால் சிவப்புப் பொட்டு வைத்திருக்கிறேன்.

அலுமினியக்காரப் பையனுக்கு அன்று என் பழைய ஃபயர்பாலைக் கொடுத்தேன். மூன்றாவது வாரம் தொடர்ச்சியாக ஒன்பது லூப் அடித்தான். பத்தாவதில் கயிறு முடிச்சு விழுந்தது. "புரி இறுகிடுச்சு அண்ணா" என்று அவனே சொல்லிக்கொண்டு, கயிற்றைக் கழற்றித் தொங்கவிட்டான்.