எடிமான்லைன்: இங்கிலீஷ் வார்த்தைக்கு வம்சாவளி பாக்க நல்ல சைட்

செகண்டரி ஸ்கூல் படிக்கிற புள்ளைங்க வீட்ல இருந்தா இந்த சைட்டை கண்டிப்பா போன்ல சேத்து வைங்க. முழுப்பேரு ஆன்லைன் எடிமாலஜி டிக்‌ஷனரி, அமெரிக்காவுல டக்ளஸ் ஹார்ப்பர்னு ஒருத்தர் பெரும்பாலும் தனியாளா உக்காந்து கட்டினது. காசு கிடையாது, விளம்பரம் மட்டும் வரும்.

சிங்கப்பூர்ல ஜூலை 21 அன்னிக்கு கொண்டாடுற ரேஷியல் ஹார்மனி டே (இன நல்லிணக்க நாள்) பத்தி என் பொண்ணு எழுதின காம்போசிஷன்ல எல்லா இடத்துலயும் 'மிக்ஸ்' தான், வேற வார்த்தையே இல்ல, சரி இதுக்கு சொந்தக்கார வார்த்தை என்னென்ன இருக்குன்னு பாப்போம்னு ரெண்டு பேரும் தேட ஆரம்பிச்சோம், தூங்குற நேரமே தாண்டிப் போச்சு. முதல்ல வந்தது 'மிக்ஸ்ட்' தானாம், லத்தீன் மொழியில கலந்ததுன்னு அர்த்தம், பிரெஞ்சு வழியா வந்துச்சு. ஜனங்க அதை இறந்தகாலம்னு நெனச்சு கடைசி எழுத்தை வெட்டி 'மிக்ஸ்'னு புதுசா ஒரு வினைச்சொல் பண்ணிட்டாங்க, அது 1530கள்ல. அதே லத்தீன் வேர்லேர்ந்து மிஸலேனியஸ், மெட்லி, மெடில் எல்லாம் வந்திருக்கு, ஸ்பானிஷ் வழியா வந்த மஸ்டாங் குதிரையும் இதே குடும்பம்!

'மிங்கிள்' இதைவிட அழகு. அது பழைய இங்கிலீஷ் வார்த்தை ஒண்ணுலேர்ந்து வந்தது, அதோட வேருக்கு அர்த்தம் பிசையறது. மேக், அமங், மாங்க்ரல் (கலப்பின நாய்) மூணும் அதே வேர்ல முளைச்சதுதான். அமங்னா முதல்ல கூட்டத்துக்குள்ளன்னு அர்த்தமாம், சின்ன வயசுலேர்ந்து எழுதுற வார்த்தைக்குள்ள இவ்ளோ விஷயமா என்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷமா இருந்துச்சு. 'ஹாட்ச்பாட்ச்' (கதம்பம்) பாருங்க, பிரெஞ்சுல குலுக்குறதும் பானையும் சேந்த வார்த்தை, ஆனா இங்கிலாந்து சட்டத்துலயும் அது இருந்திருக்கு: அப்பா உயிரோட இருக்கும்போதே ஒரு புள்ளைக்கு குடுத்த சொத்தை திரும்ப பொதுக் கணக்குல போட்டு அப்புறம் எல்லாருக்கும் சமமா பிரிக்கிறது.

நம்ம வார்த்தைங்களையும் தேடிப் பாருங்க, கேட்டமரான் (கட்டுமரம்), முல்லிகடானி (மிளகுத்தண்ணி), ஷெரூட் (சுருட்டு) எல்லாத்துலயும் தமிழ்னு போட்டிருக்கும், புள்ளைங்க அதைப் பாக்கும்போது மொகமே மாறும்.

சில விஷயம் முன்னாடியே சொல்லிக் குடுத்துடுங்க. 14சி-ன்னு போட்டிருந்தா 1300கள், 1400கள் இல்ல. வேர்ச்சொல்லுக்கு முன்னாடி நட்சத்திரம் இருந்தா அது எங்கயும் எழுதிக் கெடைச்சது இல்ல, அறிஞர்கள் ஒப்பிட்டுப் பாத்து ஊகிச்ச வடிவம். வருஷம்னு காட்டுறது இங்கிலீஷ்ல எழுத்துல மொத மொத கெடைச்ச காலத்தை வச்சு சொல்றது, அதுக்கு முன்னாடியே ஜனங்க பேசியிருக்கலாம்.

பெரிய குறைன்னா இது எப்படிப் பயன்படுத்துறதுன்னு சொல்லித் தராது. ப்ரொமிஸ்க்யூவஸ்ங்கற வார்த்தைக்கும் அதே 'மிக்ஸ்' வேர்தான், ஆனா இன்னிக்கு அர்த்தம் வேற (பலரோட கண்டபடி உறவு வச்சுக்கறது), வேரைப் பாத்துட்டு காம்போசிஷன்ல போட்டா மானம் போயிடும். தனித்தனியா தெரியாத அளவுக்கு ஒண்ணா கலந்தா பிளெண்ட், ஆளுங்க ஒருத்தரோட ஒருத்தர் போய் பேசிப் பழகினா மிங்கிள், இந்த வித்தியாசத்துக்கெல்லாம் பக்கத்துல சாதாரண ஸ்டூடண்ட் டிக்‌ஷனரி ஒண்ணு வேணும், ரெண்டையும் சேத்து வச்சுப் படிச்சாதான் பலன்.

பிரைமரி புள்ளைங்களுக்கு தனியா குடுக்காதீங்க, சுருக்கக் குறிங்களே பாதி குழப்பும், கூட உக்காந்து நீங்க படிச்சுச் சொல்லுங்க. செகண்டரிக்கும் ஓ லெவலுக்கும் தாராளமா குடுக்கலாம், என் கணக்குல 5க்கு 4.