எச்டி 2967 கோதுமை விதை: சராசரியை மட்டும் பார்த்து வாங்கலாமா?

பஞ்சாபிலோ ஹரியானாவிலோ விதைக் கடையில் வெறும் ‘2967’ என்று கேட்டாலே எந்தக் கோதுமை என்பது கடைக்காரருக்குப் புரிந்துவிடும். டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய இந்த ரகம், 2011-இல் வடமேற்குச் சமவெளிக்கும் பின்னர் பீகார், கிழக்கு உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட வடகிழக்குச் சமவெளிக்கும் பரிந்துரைக்கப்பட்டு, ஒரு கட்டத்தில் நாட்டிலேயே மிகப் பரந்த பரப்பில் விதைக்கப்பட்ட கோதுமையாக இருந்தது.

விளைச்சலைப் பொறுத்தவரை குறை சொல்ல இடமில்லை. வடமேற்கில், பாசன வசதியுள்ள நிலத்தில் உரிய காலத்தில் விதைத்தால் ஹெக்டேருக்கு 50 குவிண்டால் அளவுக்குச் சராசரி மகசூல் கிடைக்கிறது. பயிர் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம் வளர்வதால் மாட்டுத் தீவனத்துக்கான வைக்கோலும் தாராளமாகக் கிடைக்கும். மாடு வைத்திருப்பவர்கள் இந்த ரகத்தை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் மூட்டையில் அச்சிட முடியாத ஒரு பண்பு நிலைத்தன்மை, அதாவது இடமும் ஆண்டும் மாறும்போது விளைச்சல் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பது. 1963-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஃபின்லே, வில்கின்சன் என்ற இருவர் நூற்றுக்கணக்கான பார்லி ரகங்களைப் பல சூழல்களில் விளைவித்து, ஒவ்வோர் இடத்தின் பொதுச் சராசரி உயரும்போது ஒரு ரகத்தின் விளைச்சல் எவ்வளவு உயர்கிறது என்பதை ஒரு கோட்டின் சரிவாக அளந்தார்கள். சரிவு ஒன்றுக்கு அருகில் இருந்தால் ரகம் சூழலோடு சேர்ந்தே ஏறி இறங்கும். ஒன்றைவிடக் கூடினால் நல்ல நிலத்தில் அள்ளிக் கொடுத்து மோசமான நிலத்தில் கைவிடும். மிகவும் குறைந்தால் எங்கும் ஒரே மாதிரி, அதாவது நல்ல ஆண்டிலும் சுமாராகவே விளையும். மூன்றாவது வகைக்கு 1960-களில் வந்த உயரமான சி 306 கோதுமை நல்ல எடுத்துக்காட்டு: மானாவாரியில் ஏமாற்றாது, சப்பாத்திக்கும் அதற்கு ஈடு குறைவு, ஆனால் உரத்தைக் கூட்டினால் சாய்ந்துவிடும். ஆகவே ‘நிலையானது’ என்ற சொல்லை மட்டும் கேட்டு விதை வாங்குவது, ‘சராசரி அதிகம்’ என்பதை மட்டும் நம்புவதைப் போலவே பாதித் தகவலில் எடுக்கும் முடிவு.

2967 சீராக விளைகிறது என்ற பெயரில் ஒரு பங்கு பாசனத்துக்கும் விதைப்புத் தேதிக்கும் உரியது என்றே நான் கருதுகிறேன். வடமேற்கில் இது முதிர ஏறத்தாழ 143 நாள் ஆகிறது. நெல் அறுவடை தாமதமாகி டிசம்பரில் விதைத்தால் மணி பால் பிடிக்கும் பருவம் மார்ச் மாத வெப்பத்தில் சிக்குகிறது. வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தால் உலகக் கோதுமை விளைச்சல் சுமார் 6 சதவீதம் குறையும் என்பது 2015-இல் வெளியான ஒரு பன்னாட்டுக் கணிப்பு. 1901 முதலான பதிவுகளிலேயே பகல் வெப்பம் மிகக் கடுமையாக இருந்த 2022 மார்ச் மாதத்தில் வடமேற்கு வயல்களில் மணிகள் சுருங்கிப்போயின. அந்த ஆண்டு மே 13 அன்று மைய அரசு கோதுமை ஏற்றுமதியையே தடை செய்தது.

மற்றொரு குறை மஞ்சள் துரு என்ற பூஞ்சை நோய். வந்த புதிதில் தாங்கிய இந்த ரகம், நோய்ப் பூஞ்சையின் புதிய வகைகள் பரவிய பிறகு இமயமலையடிவாரப் பகுதிகளில் அந்த எதிர்ப்பை இழந்துவிட்டது. ஒரே ரகம் அடுத்தடுத்த வயல்களை நிரப்பும்போது, ஒரு வயலில் வெல்லும் பூஞ்சை எல்லா வயல்களையும் வெல்கிறது. (கரும் துருவும் பழுப்புத் துருவும் கோடையைக் கழிக்கும் இடங்களில் நம் நீலகிரியும் ஒன்று, குன்னூருக்கு அருகே வெலிங்டனில் கோதுமை ஆராய்ச்சி நிலையம் இருப்பது இதனால்தான்.)

நவம்பர் முதல் பாதியில் விதைக்க முடிந்து, நீரும் உறுதியாக உள்ளவருக்கு இது இன்றும் மோசமான தேர்வு அல்ல. கோதுமை தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர் என்பதால், கலப்பில்லாமல் அறுத்த மணியையே அடுத்த பருவத்துக்கு விதையாக வைத்துக்கொள்ளவும் முடியும். மலையடிவாரத்தில் பயிரிடுபவர் இதைத் தவிர்ப்பது நல்லது. மற்றவர்களும் நிலம் முழுவதற்கும் இதையே வாங்காமல், ஒரு பகுதியில் ஹரியானாவின் கர்னாலிலுள்ள கோதுமை ஆராய்ச்சி நிறுவனத்தின் டிபிடபிள்யூ 187 போன்ற புதிய ரகத்தை விதைத்து, இரண்டையும் தம் சொந்த வயலில் மூன்று பருவமாவது எடைபோட்டுப் பார்க்கலாம்.