சொசேஜா, கோழிக்காலா, கத்தரிக்காயா? லீவு நாள் பாபிகியூவில் தட்டில் எதைப் போடுவது

ஓகஸ்ட் மாத முதல் திங்கட்கிழமை ஒன்ராறியோவில் லீவு. அன்றைக்கு ஏஜக்ஸில் அண்ணா வீட்டுப் பின்வளவில் இரண்டு அடுப்பு எரியும். ஒன்று மச்சானின் காஸ் அடுப்பு. அதில் பெட்டியோடு வாங்கிய உறைந்த பேர்கரும் சொசேஜும் வேகும். மற்றது பெரியப்பாவின் கரியடுப்பு. முதல்நாள் இரவே மசாலா பூசி வைத்த கோழிக்கால்கள் அதில் போகும். பெரியம்மா இரண்டுக்கும் நடுவில் நின்று, கிடைத்த இடத்தில் கத்தரிக்காயையும் சோளப்பொத்தியையும் சுட்டு எடுப்பார். விக்டோரியா டேயில் தொடங்கி, கனடா டே, ஓகஸ்ட் லீவு, லேபர் டே என்று கோடை முடிவதற்குள் நாலு தடவையாவது இப்படிக் கூடிவிடுவோம். இடையில் பிறந்தநாள்கள் வேறு.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு கனடா டே இரவு, வீட்டுக்கு வந்ததும் அப்பா சீனி குத்திப் பார்த்தார். 16 காட்டியது, கனடாவில் பாவிக்கிற மில்லிமோல் கணக்கில். அவருக்கு இருபது வருடமாகச் சீனி வருத்தம். சாப்பாட்டில் கவனமாகத்தான் இருப்பார். "இறைச்சிதானே சாப்பிட்டனான்" என்றார். அம்மா இறைச்சியைத்தான் குற்றம் சொன்னார். நான் உட்கார்ந்து அன்றைய நாளைத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். அடுப்பு சூடாகும்வரை இரண்டு ரோல்ஸ். அப்புறம் ஒரு பேர்கர், பணிஸோடு. கிழங்கு சலாட். மாம்பழ ஜூஸ் இரண்டு கிளாஸ். சீனியை ஏற்றியது நெருப்பில் வெந்ததல்ல, மேசையில் இருந்ததுதான். அதற்காக நெருப்பில் வெந்ததெல்லாம் ஒன்று என்றும் ஆகாது. சர்க்கரை ஒரு கணக்கு, உப்பும் கொழுப்பும் இன்னொரு கணக்கு, கருகலும் கிருமியும் வேறொரு கணக்கு. தெற்காசியர்களான எங்களுக்கு உடல் பருமன் அதிகம் இல்லாவிட்டாலும் நீரிழிவும் இதய நோயும் சீக்கிரம் வருகின்றன என்பது மருத்துவர்கள் எல்லாரும் ஒத்துக்கொண்ட விஷயம். அதனால்தான் இந்த ஒப்பீட்டை உட்கார்ந்து செய்தேன்.

மச்சானின் அடுப்பு

சொசேஜிலிருந்து தொடங்குகிறேன், அதைப் பற்றி எனக்குச் சந்தேகம் குறைவு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல், பதப்படுத்திய இறைச்சியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. ஒவ்வொரு நாளும் 50 கிராம் சாப்பிடுகிறவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடுகிறது என்பது அவர்கள் கணக்கு. 50 கிராம் என்பது ஏறத்தாழ ஒரு சொசேஜ். இதைக் கேட்டுப் பயப்படத் தேவையில்லை. அது ஆயுள் முழுக்கத் தினம் சாப்பிடுகிறவருக்கான கணக்கு, வருடத்தில் நாலு லீவுக்கு நாலு சொசேஜ் சாப்பிடுகிறவருக்கானது அல்ல. ஆனால் எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடச் சாப்பாட்டுப் பெட்டியிலும் அதையேதான் கொண்டுபோகிறார்கள். அப்படியானால் லீவு நாளிலாவது வேறு கொடுக்கலாமே என்பதுதான் என் வாதம்.

அதைவிட உடனடியான பிரச்சினை உப்பு. ஒரு சொசேஜில் பெரும்பாலும் 400 முதல் 600 மில்லிகிராம் சோடியம் இருக்கும். பணிஸும் மஸ்டர்டும் கெச்சப்பும் சேர்ந்தால் இன்னும் கூடும். கனடாவில் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2,300 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்கிறார்கள். இரண்டு ஹொட்டோக் சாப்பிட்டால் அதில் பாதிக்கு மேல் போய்விடும். பிரஷர் மாத்திரை எடுக்கிற பெரியவர்கள் இதைக் கவனிக்கத்தான் வேண்டும். கடையில் எளிதாகக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. 2026 ஜனவரியிலிருந்து உப்பு, சர்க்கரை, நிறைவுற்ற கொழுப்பு அதிகமுள்ள உணவுப் பொதிகளின் முன்பக்கத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடிப் படம் போட வேண்டும் என்பது கனடாச் சட்டம். சொசேஜும் பாபிகியூ சோஸும் வாங்கும்போது அந்தப் படத்தைத் தேடுங்கள்.

பேர்கர் இதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை. சிவப்பு இறைச்சியை அதே முகமை "அநேகமாக" என்ற இரண்டாம் பிரிவில்தான் வைத்தது. அதோடு பேர்கரை வீட்டில் எளிதாகச் செய்யலாம், சொசேஜ் அப்படியல்ல. கொழுப்புக் குறைந்த அரைத்த இறைச்சி வாங்கி, வெங்காயம், மிளகு, மல்லியிலை போட்டு மெல்லிசாகத் தட்டினால் உப்பின் அளவு உங்கள் கையில்தான். ஒரே ஒரு நிபந்தனை, அது உள்ளே முழுக்க வெந்திருக்க வேண்டும். முழு இறைச்சித் துண்டில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். அரைத்ததும் அது உள்ளேயும் கலந்துவிடும். அதனால் நடுவில் 71 பாகை செல்சியஸ் வர வேண்டும். நிறத்தைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. பழுப்பாக மாறிய பேர்கரும் வேகாமல் இருக்கும்.

பெட்டியில் வருகிற தாவர பேர்கர்களைச் சிலர் சொசேஜுக்கு மாற்று என்று வாங்குகிறார்கள். சைவக்காரருக்கு அது வசதி, சரி. ஆனால் பலவற்றில் உப்பு நிறைய, சிலவற்றில் தேங்காய் எண்ணெயால் நிறைவுற்ற கொழுப்பும் கூட. பெட்டியின் பின்பக்கத்தை வாசிக்காமல் அதை ஆரோக்கியக் கணக்கில் எழுதாதீர்கள்.

பெரியப்பாவின் அடுப்பு

என் தெரிவு இதுதான், ஆனால் இரண்டு திருத்தங்களோடு.

கோழியின் கால் இறைச்சி நெருப்புக்கு நல்லது, மார்பு மாதிரி வறண்டுபோகாது. முதல் திருத்தம் தோல். அதை உரித்துவிட்டால் கொழுப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். தோல்தானே ருசி என்று பெரியப்பா சொல்வார். அந்த ருசியை மசாலா தந்துவிடும் என்பதை இரண்டு கோடையாக அவருக்கே சமைத்துக் காட்டியிருக்கிறேன். தயிர், தேசிக்காய்ப்புளி, உள்ளி, இஞ்சி, மஞ்சள், மிளகு, கொஞ்சம் தூள். உப்பு அளவாக. ஆழமாகக் கீறி, ஓர் இரவு பிரிட்ஜில் வைத்தால் போதும். கடைச் சோஸோடு ஒப்பிட்டால் இங்கே வித்தியாசம் பெரிது. பாபிகியூ சோஸ் இரண்டு மேசைக்கரண்டியில் 12 கிராம் அல்லது அதற்கு மேலும் சர்க்கரை இருக்கும். சர்க்கரை முதலில் கருகும். வெளியே கருகி, உள்ளே பச்சையாக இருக்கிற கோழிக்கு அதுதான் பாதிக் காரணம். சோஸ் வேண்டும் என்பவர்கள் கடைசி ஐந்து நிமிடத்தில் பூசட்டும்.

கருகல் ஏன் கூடாது? இறைச்சி கடும் சூட்டில் வேகும்போது அதிலுள்ள அமினோ அமிலமும், தசையில் இருக்கிற கிரியேட்டின் என்ற பொருளும் சேர்ந்து ஒரு வகைச் சேர்மங்கள் உண்டாகின்றன. கொழுப்பு தணலில் சொட்டி எழுகிற புகையில் வேறொரு வகை ஏறி இறைச்சியில் ஒட்டிக்கொள்கிறது. இரண்டும் விலங்குகளில் புற்றுநோயை உண்டாக்கியிருக்கின்றன. மனிதரில் அவ்வளவு உறுதியாக நிறுவப்படவில்லை. குறைக்க வழி எளிது என்பதால் குறைத்துவிடலாம்: அடிக்கடி திருப்புவது, போடுமுன் மைக்ரோவேவில் சில நிமிடம் வேகவிடுவது, கருகிய இடத்தை வெட்டி எறிவது. மசாலாவில் ஊறிய இறைச்சியில் இந்தச் சேர்மங்கள் குறைவாக உண்டாகின்றன என்றும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எங்கள் ஆட்கள் ருசிக்காகச் செய்துவந்தது இதற்கும் உதவுகிறது என்பதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

இரண்டாவது திருத்தம் கரியைப் பற்றியது. காஸா கரியா என்று கேட்டால், சூட்டைக் கட்டுப்படுத்துவதில் காஸ்தான் மேல். திருகினால் குறையும். கரியில் ருசி கூட, புகையும் கூட. ஆனால் கரியையும் அடக்கலாம். மேலே சாம்பல் வெள்ளையாகப் படியும்வரை பொறுத்து, தணலை ஒரு பக்கமாக ஒதுக்கி, கோழியை மற்றப் பக்கத்தில் வைத்து மூடிவிட வேண்டும். கொழுப்பு தணலில் விழாது, இறைச்சி மெல்ல வேகும். கடைசியில் இரண்டு நிமிடம் தணலுக்கு மேல் காட்டினால் நிறம் வந்துவிடும். பெரியப்பா இதை ஒரு நாளில் ஏற்றுக்கொள்ளவில்லை. இப்போது அவரே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்.

கோழித்துண்டு 74 பாகை தொட வேண்டும். குத்திப் பார்க்கிற வெப்பமானி ஒன்று வாங்குங்கள், விலை அதிகமில்லை. இன்னொன்று, பச்சைக் கோழி கொண்டுவந்த தட்டில் வெந்த கோழியைத் திரும்ப வைக்காதீர்கள். ஒரு விக்டோரியா டே முடிந்து எங்கள் வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் இரண்டு நாள் வாந்தியும் வயிற்றோட்டமுமாகக் கிடந்தார்கள். அன்றைக்குத் தட்டு ஒன்றுதான் இருந்தது. சின்னவளுக்கு அப்போது நாலு வயது. அதிலிருந்து பச்சைக்கு ஒரு தட்டு, வெந்ததற்கு ஒரு தட்டு.

மீனை விடமுடியாது. சத்துக் கணக்கில் அதுதான் எல்லாவற்றுக்கும் முன்னால். சால்மன் 100 கிராமில் 200 கலோரி அளவில் இருந்தாலும் அந்தக் கொழுப்பில் இதயத்துக்கு நல்லதான ஒமேகா-3 நிறைய. ஆனால் முப்பது பேருக்கு மீன் சுடுவது கஷ்டம், கம்பியில் ஒட்டி உடையும். ஸ்காபரோத் தமிழ்க் கடைகளில் உறைந்த வாழையிலை கிடைக்கும். அதில் சுற்றிச் சுட்டால் ஒட்டாது, கருகாது. சின்னக் கூட்டம் என்றால் மீன், பெரிய கூட்டம் என்றால் கோழி.

பெரியம்மாவின் மூலை

மரக்கறியில் கிரியேட்டின் இல்லை. அதனால் மேலே சொன்ன முதல் வகைச் சேர்மம் அதில் உண்டாவதில்லை. கறிமிளகாய், காளான், சுக்கினி, வெங்காயம் எல்லாம் நெருப்பில் தித்திப்பாகும். ஒரு சோளப்பொத்தி 90 கலோரி அளவுதான். வெண்ணெய்க்குப் பதில் தேசிக்காயும் உப்பும் தூளும் தேய்த்துச் சாப்பிட்டுப் பாருங்கள்.

எனக்குப் பெரியது கத்தரிக்காய்தான். முழுசாகத் தணலில் போட்டு, தோல் கருகி உள்ளே குழையும்வரை விட்டு, தோலை உரித்துப் பிசைந்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய்ப்புளி, ஒரு கரண்டி தேங்காய்ப்பால். யாழ்ப்பாணத்துச் சுட்ட கத்தரிக்காய்ச் சம்பல். மயோனைஸ் போட்ட கிழங்கு சலாட்டை இதனோடு ஒப்பிட்டால் கலோரியில் மட்டுமல்ல, வெயிலிலும் இது மேல். கிழங்கு சலாட்டை வெளியே வைத்துவிட்டு மறந்துபோவோம். 4 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில் கிருமி வேகமாகப் பெருகும். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் எதுவும் வெளியே இருக்கக் கூடாது, கடும் வெயிலில் ஒரு மணித்தியாலம்தான். சம்பலும் அதே விதிக்குள்தான் வரும், ஆனால் அது சுடச்சுடச் செய்து அங்கேயே முடிந்துவிடுகிறது.

இரண்டு தட்டு

கையால் ஒரு கணக்குப் போட்டேன். முதல் தட்டு: சீஸ் வைத்த ஒரு பேர்கர், ஒரு ஹொட்டோக், அரைக் கோப்பை கிழங்கு சலாட், ஒரு கான் கோலா. எப்படிக் கூட்டினாலும் 1,000 கலோரியைத் தாண்டுகிறது. இரண்டாவது தட்டு: தோலில்லாத கோழி இரண்டு துண்டு, ஒரு சோளப்பொத்தி, சம்பல், கொஞ்சம் சோறு, இரண்டு துண்டு வத்தகப்பழம், தேசிக்காய்த் தண்ணி. 600க்கும் 700க்கும் இடையில் நிற்கிறது. வயிறு நிரம்புவது இரண்டாவதில்தான். 2019இல் வந்த கனடா உணவு வழிகாட்டி தட்டில் பாதி மரக்கறியும் பழமும் என்கிறது. அதற்கும் இந்தத் தட்டுத்தான் கிட்ட வருகிறது.

அப்பாவுக்கு இன்னும் முக்கியம் குடிப்பது. ஒரு கான் கோலாவில் 39 கிராம் சர்க்கரை, கிட்டத்தட்ட பத்துத் தேக்கரண்டி. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்கிறது. மாம்பழ ஜூஸும் இதற்குப் பெரிய வித்தியாசமில்லை, பழம் என்ற பெயர் மட்டும் இருக்கிறது. மோர் கரைத்து இஞ்சியும் கறிவேப்பிலையும் போட்டு ஐஸ் பெட்டியில் வைத்தால் பிள்ளைகளும் குடிக்கிறார்கள். பியரும் ஒரு போத்தலுக்கு 140, 150 கலோரி என்பதை மச்சானுக்கு ஒரு தடவை சொன்னேன், கேட்டுக்கொண்டார்.

சாப்பிடுகிற ஒழுங்கும் உதவுகிறது. இறைச்சியையும் மரக்கறியையும் முதலில் சாப்பிட்டு, சோற்றையும் பணிஸையும் கடைசிக்கு விட்டால் சீனி அவ்வளவு ஏறுவதில்லை என்று சில சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்பா அதைத்தான் இப்போது செய்கிறார். இன்சுலின் போடுகிறவர்கள் மட்டும் ஒழுங்கை மாற்றுமுன் டொக்டரிடம் கேளுங்கள். ரோல்ஸையும் பற்றீஸையும் முதலில் கொண்டுவந்து வைக்காமல், முதலாவது சோளப்பொத்தி வெந்ததும் அதையே வெட்டிக் கொடுக்கிறோம். பசியோடு காத்திருக்கிறவர்களுக்கு அது போதும்.

போன ஓகஸ்ட் லீவுக்குச் சொசேஜ் ஒரு பெட்டிதான் வந்தது, அதிலும் பாதி திரும்பிப் போனது. அன்று இரவு அப்பாவுக்கு 9.2. லேபர் டேக்குக் கத்தரிக்காய் எட்டு வேண்டும் என்று பெரியம்மா சொல்லியிருக்கிறார். வெங்காயம் வெட்டுவது அப்பா.