40 இன்ச்சிலிருந்து 55 இன்ச் 4கே: ஆறு மாதம் பார்த்த பிறகு

எங்கள் வீட்டு ஹாலில் 2014-இல் வாங்கிய 40 இன்ச் ஃபுல் எச்டி டிவி இருந்தது. ஒரு பழுதும் இல்லை. அதனாலேயே 4கே, அதாவது ஃபுல் எச்டியைப் போல நான்கு மடங்கு படப்புள்ளிகள் உள்ள டிவி, வாங்கலாமா என்ற பேச்சு ஒவ்வொரு தீபாவளிக்கும் வரும், போகும். ஷோரூமில் பூவும் மீனும் பளபளவென்று ஓடுவதைப் பார்த்தால் ஆசை வரும், வீட்டுக்கு வந்து நம் டிவியைப் போட்டால் இதுவும் நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது, அதாவது 50,000 ரூபாய் டிவியில் ஏறக்குறைய 3,900 ரூபாய் குறையும். சரி, இனி தள்ளிப்போட வேண்டாம் என்று ஒரு 55 இன்ச் 4கே வாங்கிவிட்டேன். கம்பெனி பெயரை எழுதவில்லை. நான் சொல்ல வந்தது பெரும்பாலும் எந்த கம்பெனி டிவிக்கும் பொருந்தும்.

வாங்கும் முன் நான் செய்த உருப்படியான வேலை ஒன்றுதான்: டேப் எடுத்து சோபாவிலிருந்து டிவி வரை அளந்தேன். 7 அடி. நல்ல பார்வை உள்ளவர் பிரித்துப் பார்க்கக்கூடிய மிகச் சிறிய கோணம் ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு என்பார்கள். அதை வைத்துக் கணக்குப் போட்டால் 43 இன்ச் ஃபுல் எச்டி டிவியில் ஐந்தரை அடியைத் தாண்டிவிட்டாலே புள்ளிகள் தனித்தனியாகத் தெரியாது. 55 இன்ச்சுக்கு அது 7 அடி சொச்சம், 65 இன்ச்சுக்கு எட்டரை அடி. ஆக, 43 இன்ச் 4கே வாங்கி மாட்டிவிட்டு பத்து அடி தள்ளி உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு அந்தக் கூடுதல் புள்ளிகளால் ஒரு பயனும் இல்லை. என் விஷயத்திலேயே 4கே-யின் பயன் எல்லைக்கோட்டில்தான் நிற்கிறது, அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அளவு கூடியதால் வந்தது, புள்ளிகளால் அல்ல.

மாட்டிய அன்று சாயங்காலம் அப்பா வழக்கம்போல கேபிளில் செய்தி போட்டார். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "என்னப்பா இது, முகத்துல எல்லாம் மாவு பூசின மாதிரி இருக்கு, பழசே தேவலையே" என்றார். அவர் சொன்னது முழுக்க உண்மை. எங்கள் கேபிள் பாக்ஸ் பழைய எஸ்டி பாக்ஸ், எச்டிக்கு முந்தைய சாதாரணத் தெளிவுதான் அதில் வரும். அதில் வரும் படம் 720-க்கு 576, சுமார் 4 லட்சம் புள்ளிகள். 4கே திரையில் 3840-க்கு 2160, சுமார் 83 லட்சம். சேனல் அனுப்பும் ஒரு புள்ளியை டிவி 20 புள்ளியாக ஊதிப் பெருக்கிக் காட்ட வேண்டியிருக்கிறது, அதையும் இவ்வளவு பெரிய திரையில். பிறகு எப்படி இருக்கும்? மறுவாரமே எச்டி பாக்ஸ் மாற்றி எச்டி சேனல் பேக் போட்டேன், அப்புறம்தான் அப்பா சமாதானம் ஆனார். டிவி விலையோடு இந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நிஜமான 4கே பார்க்க வேண்டுமென்றால் யூடியூபில் இருக்கிறது, ஓடிடியில் இருக்கிறது. நெட்ஃப்ளிக்ஸில் அது பிரீமியம் திட்டத்தில் மட்டும்தான், இப்போது மாதம் 649 ரூபாய், நெட் வேகம் 15 எம்பிபிஎஸ்ஸாவது வேண்டும் என்கிறார்கள். எங்கள் ஃபைபர் கனெக்‌ஷனுக்கு அது பெரிய விஷயமில்லை, ஆனால் ரூட்டர் உள் அறையில் இருந்ததால் வைஃபை திணறியது. லேன் ஒயர் இழுத்த பிறகு ஒரு முறைகூட சுற்றவில்லை. வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அதிகமாகக் காட்டும் எச்டிஆர் முறையில் வந்த நல்ல படம் ஒன்றை இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தபோதுதான் இதற்குப் பணம் கொடுத்தது சரி என்று பட்டது. இருட்டுக் காட்சியில் விளக்கு வெளிச்சம் விழுந்த ஒரு முகம், பின்னால் சுவரின் நிறம், எல்லாம் தனித்தனியாக நின்றது. ஆனால் பெட்டியில் எச்டிஆர் என்று அச்சடித்திருந்தால் மட்டும் போதாது, பேனலுக்கு அந்த அளவு வெளிச்சம் தர முடியவேண்டும். விலை குறைந்த 4கே டிவிகளில் பணத்தை மிச்சம் பிடிப்பதே இந்த இடத்தில்தான்.

குறை என்றால் இரண்டு. இது விஏ என்ற வகை எல்சிடி பேனல், நேராகப் பார்த்தால் கருப்பு நன்றாகக் கருப்பாக இருக்கிறது, பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு நிறம் வெளுத்துவிடுகிறது. எங்கள் வீட்டில் விசேஷ நாளில் பாதிப் பேர் அப்படித்தான் உட்காருவார்கள். சத்தமும் மெலிவு, வசனம் கேட்க ஒலியைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது, சவுண்ட்பார் வாங்கியே ஆகவேண்டும் போலிருக்கிறது.

செட்டிங்கில் மட்டும் வந்தபடியே விட்டுவிடாதீர்கள். விவிட் என்ற கண்கூசும் மோடிலிருந்து சினிமா மோடுக்கு மாற்றுங்கள், ஷார்ப்னஸைக் குறையுங்கள், மோஷன் என்று தொடங்கும் எதையும் அணைத்துவிடுங்கள். சினிமா வினாடிக்கு 24 ஃபிரேம், இந்த டிவி நடுவில் தானாகவே ஃபிரேம்களைச் செருகி எந்தப் படத்தையும் சீரியல் போல ஆக்கிவிடுகிறது.

தம்பி இப்போது கேட்கிறான், மாற்றலாமா என்று. அவன் வீட்டில் 32 இன்ச், 9 அடி தூரம், பார்ப்பது முழுக்க எஸ்டி கேபிள். முதலில் பாக்ஸை மாற்றுடா, டிவி நன்றாக ஓடும்வரை ஓடட்டும், வாங்கும்போது 55-க்குக் கீழே போகாதே என்றேன். 8கே பற்றியும் கேட்டான். 3 கோடிக்கு மேல் புள்ளிகள், அதில் போட்டுப் பார்க்க நம் ஊரில் ஒரு சேனல்கூட இல்லை.

பழைய 40 இன்ச் உள் அறைக்குப் போய்விட்டது. கழற்றிய எஸ்டி பாக்ஸை அதில் மாட்டியிருக்கிறோம். அம்மா மத்தியானம் சீரியல் பார்ப்பது அதில்தான், அங்கே படம் தெளிவாகவே இருக்கிறது.