பண்ணை வாசலில் முட்டை: நாமக்கல்லில் ஒரு குடும்பப் பண்ணை

நாமக்கல்லிலிருந்து மோகனூர் செல்லும் சாலையையொட்டி, இரண்டு தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்திவரும் கோழிப்பண்ணையின் வாசலிலேயே முட்டை விற்கிறார்கள். அன்று காலை எடுத்தவை என்பதால், உடைத்து ஊற்றினால் மஞ்சள் கரு குலையாமல் உயர்ந்து நிற்கிறது. வெள்ளைக் கருவும் நீர்த்து ஓடுவதில்லை. 1982இல் தொடங்கப்பட்ட தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் நாமக்கல் மண்டல விலையை ஒட்டியே இங்கும் விலை வைக்கிறார்கள். மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் விலையேறும்போது முதலில் தள்ளாடுபவை இத்தகைய சிறு பண்ணைகளே. தீவனத்தைத் தாங்களே அரைப்பதாலும், கோழி எருவைச் சுற்றுவட்டார விவசாயிகளுக்கு விற்பதாலும் இவர்கள் தாக்குப்பிடித்து வருகிறார்கள். கூண்டுக்கோழி முட்டையை நாட்டுக்கோழி முட்டை என்று சொல்லி விற்காத நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. அட்டைத் தட்டுக்குத் தனிக் காசு வாங்குவதுதான் சற்று உறுத்துகிறது. வீட்டிலுள்ள பழைய தட்டைக் கொண்டுபோவது நல்லது.