ஃபேன் இல்லாத ஆர்டிஎக்ஸ் 3050: பாலிட் கால்ம்எக்ஸ் வாங்கலாமா?

பாலிட் கால்ம்எக்ஸ் என்பது என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050 சிப்பை வைத்துச் செய்த, ஃபேன் இல்லாத கிராபிக்ஸ் கார்டு. வாங்கலாம், ஆனால் உங்கள் கேபினட்டுக்குள் காற்று எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். "ஃபேன் இல்லை, அதனால் சத்தம் இல்லை" என்பதோடு விளம்பரத்தில் பேச்சு முடிந்துவிடுகிறது. ஃபேன் செய்துகொண்டிருந்த வேலையை இனி யார் செய்வது என்பதுதான் முக்கியமான கேள்வி, அதை யாரும் பேசுவதில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் வீட்டிலேயே குரல் பதிவு செய்கிறேன், அதோடு வீடியோ எடிட்டிங்கும் உண்டு. மைக்குக்கும் கேபினட்டுக்கும் நடுவில் ஒரு மேசை அகலம்தான் இடம். பழைய கார்டில் இருந்த சின்ன ஃபேன் சும்மா இருக்கும்போதுகூட ஒரே சுருதியில் சன்னமாகக் கீச்சிட்டுக்கொண்டிருக்கும். காதுக்குப் பழகிவிடும், மைக்குக்குப் பழகாது. இரைச்சலை நீக்கும் ஃபில்டர் போட்டால் அந்தக் கீச்சொலியோடு சேர்ந்து 'ச', 'ஸ' எல்லாம் மழுங்கி, குரல் டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிடுகிறது. சத்தத்தைப் பிறகு நீக்கிக்கொள்ளலாம் என்பது நடைமுறையில் சரிவராது, அது உண்டாகாமலே இருக்க வேண்டும்.

ஃபேன் இல்லாத கார்டு தேடும்போது பெயரைப் பார்க்காதீர்கள், வாட்டைப் பாருங்கள். மதர்போர்டின் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட். கடைகளில் கிடைக்கும் ஃபேன் இல்லாத கார்டுகள் பெரும்பாலும் அந்த எல்லைக்குள் நின்றுவிடுகின்றன. கால்ம்எக்ஸில் இருக்கும், 2024 பிப்ரவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 3050 6ஜிபி சிப் 70 வாட்தான், தனியாகப் பவர் கேபிள் வேண்டாம். இதிலேயே ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. 2022-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050 8ஜிபி 130 வாட் இழுக்கும். கோர்களும் அதில் 2560, இதில் 2304. மெமரி பாதை அதில் 128 பிட், இதில் 96 பிட். பெயர் மட்டும் ஒன்று! கடையில் 8ஜிபிதான் நல்லது என்பார்கள், கேம் விளையாட அது உண்மையும்கூட, ஆனால் சத்தமில்லாத கம்ப்யூட்டர் கட்டுபவருக்கு அந்தக் கூடுதல் 60 வாட் பெரிய தலைவலி.

இதே குழப்பம் என்விடியாவின் இன்னொரு சின்ன சிப்பான ஜிடி 1030-இலும் உண்டு. 2017-இல் வந்த அந்த 30 வாட் சிப்பில் எம்எஸ்ஐ, ஆசுஸ், கிகாபைட் எல்லோருமே ஃபேன் இல்லாத கார்டு போட்டார்கள். அதில் ஜிடிடிஆர்5 மெமரி உள்ளது நொடிக்கு 48 ஜிபி வேகம், பின்னால் வந்த டிடிஆர்4 மெமரி உள்ளது ஏறக்குறைய 17 ஜிபிதான். டப்பாவின் மேல் பெரிதாக எழுதியிருப்பதை விட்டுவிட்டு ஓரத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். எனக்கு அது ஒத்துவராததற்குக் காரணம் வேறு: ஜிடி 1030-இல் வீடியோவைச் சுருக்கிக் கோப்பாக்கும் தனிப் பகுதியான வீடியோ என்கோடரே கிடையாது, எக்ஸ்போர்ட் செய்யும் சுமை முழுக்க சிபியு தலையில் விழும், அப்போது சிபியு ஃபேன் கத்தும். அந்தத் தலைமுறைக்கான டிரைவரும் 580 வரிசையோடு நின்றுவிட்டது. திரையில் படம் தெரிந்தால் போதும் என்பவர்கள் கார்டே வாங்க வேண்டாம், சிபியுவோடு வரும் கிராபிக்ஸே போதும்.

3050-இல் எச்.264, எச்.265 ஆகிய இரண்டு வீடியோ வடிவங்களுக்கும் என்கோடர் இருக்கிறது. யூடியூபில் வரும் ஏவி1 என்ற புதிய வடிவ வீடியோவைச் சிரமமில்லாமல் ஓட்டும், ஆனால் ஏவி1-இல் எக்ஸ்போர்ட் செய்யாது. என் வேலைக்கு இது தாராளம்.

சரி, சூட்டுக்கு வருவோம். டவர் கேபினட்டில் கார்டு படுத்த நிலையில் இருக்கும், சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகள் (ஹீட்சிங்க்) கீழே பார்த்திருக்கும். சூடான காற்று மேலே ஏறப் பார்க்கும், ஆனால் தலைக்கு மேல் கார்டின் பலகையே மறித்துக்கொண்டிருக்கும், அதனால் வெப்பம் அங்கேயே தங்கிவிடும். கேபினட்டில் ஒரு ஃபேனும் ஓடாமல் ஒரு நீண்ட எக்ஸ்போர்ட் போட்டுப் பார்த்தேன், 80 டிகிரியைத் தாண்டியும் ஏறுவது நிற்கவில்லை, நானே நிறுத்திவிட்டேன். 70 வாட் இழுக்கும் எந்தக் கார்டாக இருந்தாலும் மூடிய பெட்டிக்குள் இப்படித்தான் ஆகும். பிறகு முன்பக்கம் கீழே, கார்டுக்கு நேராக, ஒரு 140 மி.மீ ஃபேனை நிமிடத்துக்கு 600 சுற்றில் விட்டேன். அதே வேலைக்கு எழுபதுகளில் நின்றுவிட்டது. அந்தச் சுற்றில் ஓடும் பெரிய ஃபேனின் சத்தம் மைக்கில் ஏறவில்லை. ஆக, நீங்கள் உண்மையில் வாங்குவது ஃபேனே இல்லாத கம்ப்யூட்டர் அல்ல. கார்டிலிருக்கும் கீச்சிடும் சின்ன ஃபேனைக் கொடுத்துவிட்டு மெதுவாகச் சுற்றும் பெரிய ஃபேனை வாங்குகிறீர்கள். இந்தப் பேரம் எனக்கு முழுத் திருப்தி.

நம் ஊர்க்காரர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டு ரிவ்யூக்களில் பெரும்பாலும் இருபது, இருபத்திரண்டு டிகிரி அறையில் வைத்துத்தான் அளக்கிறார்கள். கத்திரி வெயில் நேரத்தில், பதிவுக்காக சீலிங் ஃபேனையும் நிறுத்திவிட்டு உட்கார்ந்தால் மதுரையில் என் அறை முப்பத்தைந்துக்குக் குறையாது. அந்த வித்தியாசம் அப்படியே கார்டின் சூட்டில் ஏறும், அவர்கள் 68 என்று காட்டினால் இங்கே 80-ஐ ஒட்டி எதிர்பாருங்கள். மே மாதத்தில் நான் ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் பவர் லிமிட்டை, அதாவது கார்டு இழுக்கும் மின்சாரத்தின் வரம்பை, கொஞ்சம் இறக்கி வைத்துக்கொள்கிறேன், எக்ஸ்போர்ட் நேரத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

ஃபேன் வேகத்தை யார் கட்டுப்படுத்துகிறார்கள் என்பதும் முக்கியம். பெரும்பாலான மதர்போர்டுகள் கேபினட் ஃபேனை சிபியு சூட்டைப் பார்த்துத்தான் முடுக்கும். கார்டு கொதிக்கும், சிபியு சும்மா இருக்கும், ஃபேனும் அதைப் பார்த்துச் சும்மாவே சுற்றும். விண்டோஸுக்கு ஃபேன்கன்ட்ரோல் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது, அதில் முன்பக்க ஃபேனைக் கார்டின் வெப்பத்தோடு இணைத்துவிடலாம். இதைச் செய்யாமல் விடாதீர்கள். அப்புறம், கார்டுக்கு அடியில் எம்.2 எஸ்எஸ்டி (மதர்போர்டிலேயே செருகும் மெல்லிய சேமிப்பு அட்டை) இருந்தால் வேறு ஸ்லாட்டுக்கு மாற்றுங்கள், கார்டின் சூட்டை அதுதான் முதலில் வாங்கும்.

எல்லாம் அமைதியான பிறகு எனக்கு வேறொரு சத்தம் கேட்டது, மெல்லிய 'ஸ்ஸ்' ஒலி. கார்டில் இல்லை, கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியில் இருக்கும் கம்பிச் சுருளிலிருந்து (காயில்) வந்தது. இத்தனை நாள் கார்டின் ஃபேன் அதை மறைத்திருக்கிறது. வேறு எஸ்எம்பிஎஸ் போட்ட பிறகுதான் போனது, அந்தச் செலவுக்கும் மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். கேம் மெனுக்களில் ஃப்ரேம் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் எகிறும்போதுதான் இந்தக் காயில் சத்தம் அதிகமாக வரும், ஃப்ரேமுக்கு வரம்பு வைத்தால் குறையும்.

தினமும் மணிக்கணக்கில் புதிய கேம் விளையாடுபவர்களுக்கு இந்தக் கார்டு வேண்டாம். சூடு குறைவாக இருக்கும்போது ஃபேன் தானாக நின்றுவிடும் பெரிய ஹீட்சிங்க் கார்டு ஒன்றை வாங்கி, பவர் லிமிட்டைக் குறைத்து ஓட்டுங்கள், எழுதும் நேரத்தில் அதுவும் அமைதியாகத்தான் இருக்கும். ஆனால் மைக் முன்னால் உட்கார்ந்துகொண்டே எக்ஸ்போர்ட்டும் ஓட வேண்டும் என்றால் கால்ம்எக்ஸ்தான் என் தேர்வு.

அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். நீளம் 17 செ.மீக்குள் அடங்கிவிடும், ஆனால் உயரம் ஏறத்தாழ 14 செ.மீ, தகடுகள் ஸ்லாட் பட்டையைத் தாண்டி நிற்கும், மெலிந்த கேபினட்டில் பக்கக் கதவு மூடாது. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் நான் விசாரித்த கடைகளில் இது கிடைக்கவில்லை, சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினர் வாங்கி வந்தார். அப்படி வாங்குவதாக இருந்தால் வாரண்டி எந்த நாட்டில் செல்லும் என்று பில் போடும்போதே கேட்டு, எழுதியும் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.