ஜாங்கோ, லாரவெல், ரெயில்ஸ்: டேபிளின் கதை எந்தக் கோப்பில் இருக்கிறது?

ஒரு சின்னப் பதிப்பகத்துக்கு இணையதளம் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நூல், ஆசிரியர், விலை, இருப்பு, ஆர்டர், அவ்வளவுதான். இதை ஜாங்கோவில் செய்யலாம், லாரவெலில் செய்யலாம், ரூபி ஆன் ரெயில்ஸிலும் செய்யலாம். மூன்றும் இணையதளம் கட்ட அடித்தளமாக உதவும் ஃப்ரேம்வொர்க்குகள். எதை எடுத்தாலும் ஒரு வாரத்தில் ஏதோ ஒன்று ஓட ஆரம்பித்துவிடும். எது வேகம் என்ற சண்டைக்கு நான் வரவில்லை. இந்த மாதிரித் தளத்தில் நேரத்தைத் தின்பது பெரும்பாலும் டேட்டாபேஸ்தான். நான் பார்ப்பது வேறு ஒன்றை. ஒன்றரை வருடம் கழித்து, எழுதியவர் வேலை மாறிப் போன பிறகு, புதிதாக வருகிறவர் கோப்புகளைத் திறந்தால் அவருக்கு என்ன புரியும்?

வந்தவர் முதலில் தேடுவது டேபிளின், அதாவது டேட்டாபேஸில் தரவு சேரும் அட்டவணையின், வடிவத்தை. ஜாங்கோவில், ஒவ்வொரு டேபிளையும் நிரலில் விவரிக்கும் மாடல்ஸ் கோப்பைத் திறந்தால் போதும். தலைப்பு 200 எழுத்துக்கு மேல் போகக்கூடாது, விலை தசம எண், ஆசிரியர் டேபிளோடு இணைப்பு உண்டு என்று எல்லாம் வரிவரியாக எழுதியிருக்கும். அதில் ஒன்றைத் திருத்திவிட்டு மேக்மைக்ரேஷன்ஸ் கட்டளையைக் கொடுத்தால், என்ன மாறியது என்று பார்த்து, அந்த மாற்றத்தை டேட்டாபேஸில் செய்யும் மைக்ரேஷன் கோப்பை அதுவே எழுதிக்கொள்ளும். 2014இல் 1.7 பதிப்பு வரும்வரை இந்த வசதிக்கு சவுத் என்ற தனித் தொகுப்பைச் சேர்க்க வேண்டியிருந்தது. பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும்.

லாரவெலிலும் ரெயில்ஸிலும் வழி தலைகீழ். மைக்ரேஷனை நாம்தான் எழுதுகிறோம். மாடல் கோப்பு ஏறக்குறைய காலியாகக் கிடக்கும். ஃபீல்டுகள் டேபிளிலிருந்து தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். எழுதுகிறவருக்குச் சுகம், படிக்கிறவருக்குத் தலைவலி. ரெயில்ஸ் மட்டும் ஸ்கீமா என்று ஒரு கோப்பைத் தானே உருவாக்கி, மொத்த வடிவத்தையும் ஓரிடத்தில் காட்டிவிடும் என்பதால் பிழைத்தோம். லாரவெலில் 40 மைக்ரேஷன்களை வரிசையாகப் படித்து மனசுக்குள் கூட்டிக் கழிக்க வேண்டும், இல்லையென்றால் டேட்டாபேஸையே திறந்து பார்க்க வேண்டும். 9ஆம் பதிப்பில் வந்த, ஒரு மாடலின் ஃபீல்டுகளைக் காட்டும் மாடல் ஷோ கட்டளை கொஞ்சம் ஆறுதல்.

இந்த வித்தியாசத்துக்கு அவை பிறந்த இடத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஜாங்கோ ஒரு செய்தித்தாள் அலுவலகத்துப் பிள்ளை. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் ஜர்னல் வேர்ல்ட் நாளிதழில் 2003இல் ஏட்ரியன் ஹோலோவாட்டியும் சைமன் வில்லிசனும் தொடங்கியது. 2005இல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். செய்தித்தாளில் தரவை ஏற்றுகிறவர் நிரலாளர் அல்ல. அதனால்தான் தரவை ஏற்றித் திருத்தும் அட்மின் பக்கம் கூடவே பிறந்தது. மாடலில் எல்லாம் எழுதியிருப்பதால், இரண்டே வரியில் பதிவு செய்தால் சேர்த்தல், திருத்தம், அனுமதி எல்லாவற்றோடும் அட்மின் தயார். நம் பதிப்பகத்தில் புத்தகம் ஏற்றப்போகிற ஆளுக்கு முதல் நாளே ஒரு திரையைக் காட்டிவிடலாம். லாரவெலில் இதற்கு ஃபிலமென்ட்டையோ, காசு கொடுத்து நோவாவையோ சேர்க்க வேண்டும். ரெயில்ஸிலும் ஆக்டிவ்அட்மின் போன்ற வெளித் தொகுப்புதான்.

ஆனால் ஜாங்கோவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு, அதில் நான் அடி வாங்கியிருக்கிறேன். பயனர் மாடலை உங்களுக்கு ஏற்றபடி மாற்ற வேண்டுமென்றால் முதல் மைக்ரேஷனுக்கு முன்பே மாற்றிவிட வேண்டும். மூன்று மாதம் கழித்து, “மொபைல் நம்பர் போட்டு லாகின் ஆகணும் சார்” என்று கேட்டார்கள். நான் இயல்பான மாடலையே விட்டு வைத்திருந்தேன். அந்த வாரம் முழுக்க இணைப்புகளைக் கையால் திருத்தியே போனது. ஆவணத்தில் தெளிவாக எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். அடி வாங்கிய பிறகுதான் படித்தேன்.

ரெயில்ஸ், டேவிட் ஹைனமயர் ஹான்சன் தன் நிறுவனத்தின் பேஸ்கேம்ப் என்ற திட்ட மேலாண்மை மென்பொருளிலிருந்து உருவியெடுத்து 2004இல் வெளியிட்டது. சின்னக் குழு, ஒரே பொருள், பல வருடம் என்ற வாழ்க்கைக்குத் தைத்த சட்டை. கிட்ஹப், ஷாப்பிஃபை, சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க் எல்லாம் அதைப் போட்டுத்தான் வளர்ந்தன. பெயரை முறைப்படி வைத்தால் போதும், மீதியை அது புரிந்துகொள்ளும். பர்சன் என்று மாடல் வைத்தால் டேபிளுக்குப் பீப்பிள் என்று சரியாகவே பன்மை போடும். கவிதை என்று ஆங்கில எழுத்தில் வைத்தால் ‘கவிதைஸ்’ ஆகிவிடும், அது வேறு கதை. இதன் மறுபக்கம், ஒரு மெத்தட் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று தேடினால் சில நேரம் எங்கேயுமே இருக்காது, ஓடும்போது முளைத்திருக்கும். உள்ளிருக்கும் வசதிகளைச் சுருக்கமாகக் கூப்பிட உதவும் லாரவெலின் ஃபசாடுகளும் இதே ரகம்தான்.

லாரவெலை 2011இல் டெய்லர் ஆட்வெல் கொண்டுவந்தார். அப்போது பலரும் பயன்படுத்திய கோட்இக்னைட்டர் என்ற ஃப்ரேம்வொர்க்கில் லாகின் வசதி உள்ளேயே இல்லை என்பது அவருடைய குறைகளில் ஒன்று. அடுத்தவருக்குத் தளம் செய்து கொடுத்துப் பிழைக்கிறவரின் வலி அது என்று நினைக்கிறேன். லாரவெலின் பெரிய பலம் அது எழுதப்பட்ட பிஎச்பி மொழிதான். ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் நிரல் புதிதாகப் பிறந்து, பதில் சொல்லிவிட்டு முடிந்துபோகும். அதனால் ஒரே சர்வரைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் மலிவான ஷேர்டு ஹோஸ்டிங்கிலும் ஓடும். ஜாங்கோவுக்கு கூனிகார்ன், ரெயில்ஸுக்கு பூமா என்று எப்போதும் விழித்திருக்கும் ஒரு புரோசஸ் (ஓடிக்கொண்டே இருக்கும் நிரல்) தேவை, அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் தேவை. ஆனால் லாரவெலில் க்யூ (பின்னணியில் நடக்கும் வேலைகளின் வரிசை) வைத்து மெயில் அனுப்பத் தொடங்கினால் அங்கேயும் ஒரு புரோசஸ் ஓடியாக வேண்டும். ஷேர்டு ஹோஸ்டிங்கின் சாயம் அன்றைக்கே வெளுத்துவிடும். இந்த விஷயத்தில் இப்போது ரெயில்ஸும் எளிதாகியிருக்கிறது. 2024 நவம்பரில் வந்த 8ஆம் பதிப்பில் சாலிட் க்யூ கூடவே வருகிறது, ரெடிஸ் என்ற தனித் தரவுச் சேமிப்பு இல்லாமல் டேட்டாபேஸிலேயே வேலை வரிசையை வைத்துக்கொள்ளலாம். ஜாங்கோக்காரர்கள் பலர் இன்னும் செலரி என்ற வெளித் தொகுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம்.

பதிப்பு மாற்றத்தில் ஜாங்கோ நிதானம். 2025 ஏப்ரலில் வந்த 5.2க்கு மூன்று வருடம் பாதுகாப்புத் திருத்தம் உண்டு. லாரவெலில் வருடம் ஒரு பெரிய பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வருடப் பாதுகாப்பு. செய்து கொடுத்துவிட்டு மறந்துவிடும் வாடிக்கையாளர் என்றால் இந்த ஒரு வருட வித்தியாசம் பெரிசு.

சரி, பதிப்பகத்துக்கு எது? நான் ஜாங்கோவைத்தான் எடுப்பேன், அட்மினுக்காகவும் அந்த மாடல்ஸ் கோப்புக்காகவும். ஹோஸ்டிங் ஏற்கெனவே வாங்கியாயிற்று, பிஎச்பி தெரிந்த பையன் அலுவலகத்திலேயே இருக்கிறான் என்றால் யோசிக்காமல் லாரவெல். பதிப்பாளரே நிரல் எழுதுகிறவர், தளம்தான் அவருடைய தொழில் என்றால் ரெயில்ஸ்.

ஒரு விஷயத்தில் மட்டும் மூன்றும் நம்மைக் கைவிடும். நூலின் தலைப்பிலிருந்து இணைய முகவரி உருவாக்கும் ஸ்லக். ‘தமிழ்’ என்று கொடுத்தால் ரெயில்ஸின் பாராமீட்டரைஸ் வெறுமையைத் திருப்பித் தரும். ஜாங்கோவின் ஸ்லகிஃபையும் அப்படியே. யூனிகோடை (ஆங்கிலம் அல்லாத எழுத்துகளையும்) அனுமதி என்று சொன்னால் ‘தமழ’ என்று கொடுக்கும், உயிர்மெய்க் குறியையும் புள்ளியையும் எழுத்தாகவே அது எண்ணாது. லாரவெலில் மொழியை null, அதாவது எதுவும் இல்லை, என்று வைத்துப் பார்த்தாலும் அதே ‘தமழ’தான். அதனால் எதை எடுத்தாலும் முகவரியில் நூலின் எண்ணை மட்டும் வைத்துவிடுகிறேன்.